கொழும்பில் நாளாந்தம் அணிய ஒரு டிசோட்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் வசிக்கும் இரண்டு சகோதரிகள், வங்கியில் வேலை செய்யும் தம்பியின் திருமணத்துக்குச் சேர்ந்து ஒரு நல்ல சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். ரோலெக்ஸும் ஒமேகாவும் கைக்கு எட்டாதவை என்பதால் டிசோட் என்று முடிவுசெய்துவிட்டார்கள். லெ லொக்கிள், பிஆர்எக்ஸ், ஜென்டில்மேன் ஆகிய மூன்று மாதிரிகளில் எதை எடுப்பது, பற்றரியில் ஓடும் குவார்ட்ஸா கையின் அசைவில் தானே முறுக்கிக்கொள்ளும் தானியங்கியா, கொழும்பிலேயே வாங்குவதா அல்லது விடுமுறைக்கு வரும் டுபாய் மாமாவிடம் சொல்லிவிடுவதா என்பவை அவர்களுடைய ஐயங்கள். தம்பி மெலிந்த கையுடையவர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், மணிக்கூட்டைக் கட்டினால் இரவுவரை கழற்றாதவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருக்குப் பட்டியுடன் கூடிய ஜென்டில்மேன் பவர்மேட்டிக் 80 சிலிசியம் என்ற தானியங்கியை வாங்குங்கள். பணம் அதற்குப் போதாவிட்டால் 35 மில்லிமீற்றர் பிஆர்எக்ஸ் குவார்ட்ஸை வாங்குங்கள். லெ லொக்கிள் அழகான பொருள்தான். ஆயினும் ஒருவரிடம் இருக்கும் ஒரே கைக்கடிகாரமாக, அதுவும் இந்த ஊரில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசோட் பற்றி நாம் வாசிக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டவர்கள் எழுதியவை. அவர்களுக்கு முகப்பின் நிறமும் இயந்திரத்தின் பளபளப்பும் பெரிய விடயங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் திடீர் மழையும் வருடம் முழுவதும் இருக்கும் கொழும்பில், எத்தனை மீற்றர் நீர்த்தடுப்பு, எந்தப் பட்டி, யார் திருத்துவார் ஆகிய மூன்று கேள்விகளுக்குப் பிறகுதான் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

நிறுவனத்தைப் பற்றிச் சற்று அறிந்திருப்பது நல்லது. சார்ள்ஸ்-ஃபெலிசியன் டிசோட்டும் அவருடைய மகன் சார்ள்ஸ்-எமிலும் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள லெ லொக்கிள் என்ற சிறு நகரில் 1853இல் தொடங்கிய நிறுவனம் இது. கடிகாரத் தொழிலுக்காகவே திட்டமிட்டு வளர்ந்த நகர் என்பதால், அயலிலுள்ள லா ஷோ-டி-ஃபொன் நகரோடு சேர்த்து அதை யுனெஸ்கோ 2009இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது. 1930இல் டிசோட் ஒமேகாவுடன் ஒரே கூட்டமைப்பில் இணைந்தது. ஜப்பானிய குவார்ட்ஸ் மணிக்கூடுகளின் வெள்ளத்தில் சுவிஸ் தொழிலே தத்தளித்த காலத்தில், 1983இல், அந்தக் கூட்டமைப்பு இன்னொரு பெரிய கூட்டமைப்புடன் இணைக்கப்பட்டது. இன்று சுவாட்ச் குழுமம் என்று அழைக்கப்படுவது அதுவே. வாங்குபவருக்கு இந்த வரலாற்றால் ஒரு நேரடியான பயன் உண்டு. டிசோட்டுக்குள் ஓடுவது அதே குழுமத்தின் ஈடிஏ தொழிற்சாலையில் உருவாகும் இயந்திரம். அதன் நெருங்கிய உறவுகள் ஹமில்டன், மிடோ, செர்டினா ஆகியவற்றுக்குள்ளும் ஓடுகின்றன. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கில் புழங்கும் இயந்திரம் என்பதால் பத்து வருடங்களுக்குப் பிறகும் பாகம் கிடைக்கும் என்று நம்பி வாங்கலாம். சிறிய நிறுவனமொன்றின் கவர்ச்சியான மணிக்கூட்டுக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது.

முகப்பின் அடியில் பொறிக்கப்படும் ‘சுவிஸ் தயாரிப்பு’ என்ற சொற்களுக்குச் சட்டப்படி ஒரு வரையறை உண்டு. 2017 தொடக்கம், உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஏற்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் சுவிஸ் இயந்திரமாக இருக்க வேண்டும். கூட்டுக்குள் பொருத்துவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். மீதி 40 சதவீதம் எங்கிருந்தும் வரலாம்.

‘சொகுசு’ என்ற சொல்லையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சுவாட்ச் குழுமத்தின் ஏணியில் டிசோட் நடுப்படியில் நிற்கிறது. அதற்கு மேலே லொன்ஜின், அதற்கு மேலே ஒமேகா, உச்சியில் பிளாங்பெய்ன், பிரெகே என்று போகும். நடுப்படியில் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீறல் விழாத கண்ணாடி, ஒழுங்காக முடிக்கப்பட்ட உருக்குக் கூடு, நம்பகமான இயந்திரம் ஆகிய மூன்றும் இந்தப் படியிலேயே கிடைத்துவிடுகின்றன. மேலே ஏற ஏற நாம் கூடுதலாகச் செலுத்துவதில் பெரும்பங்கு கைவேலைக்கும் பெயருக்கும் போகிறது. ஆனால், ‘விலை ஏறும், பிறகு விற்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிசோட் கடையை விட்டு வெளியே வந்த அன்றே அதன் மறுவிற்பனைப் பெறுமதி குறைந்துவிடும். முதலீடுதான் நோக்கம் என்றால் தங்கம் வாங்கச் செட்டியார் தெருவுக்குப் போவதே மேல்.

இனி, தண்ணீர். மணிக்கூட்டின் பின்புறத்தில் 30 மீற்றர் என்று பொறிக்கப்பட்டிருந்தால் அதை அணிந்துகொண்டு 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண் ஆய்வுகூடத்தில் அசையாத நிலையில் கொடுக்கப்பட்ட அழுத்தத்தைக் குறிக்கிறது. நடைமுறையில் 30 மீற்றர் என்பது கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் சிறு தூறலையும் தாங்கும் என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது. 50 மீற்றர் சற்றுத் தேவலை. 100 மீற்றர் என்றால் நீந்தலாம், மழையில் மோட்டார் சைக்கிளில் போகலாம், அச்சமில்லை. கொழும்பில் இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. குளிரூட்டப்பட்ட வங்கிக் கிளையிலிருந்து ஒருவர் நண்பகல் வெயிலுக்கு வெளியே வரும்போது கூடு குளிர்ந்திருக்கும், காற்றோ ஈரப்பதத்தால் கனத்திருக்கும். மூடியையும் சாவிக் குமிழையும் காக்கும் இறப்பர் வளையங்கள் தளர்ந்திருந்தால், உள்ளே புகுந்த அந்த ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோலப் படியும். அதன்பிறகு முட்களிலும் சிறு திருகுகளிலும் கறை பிடிப்பது நாட்கணக்கில்தான். மரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் இரும்புக் கதவுகள் எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கின்றன என்பதை வெள்ளவத்தைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நாளாந்தம் அணியும் மணிக்கூட்டுக்கு 100 மீற்றரை நான் குறைந்தபட்ச எல்லையாக வைக்கிறேன். அதற்குக் கீழே இறங்குவது விசேட நாட்களுக்கு மட்டும் என்றால் சரி.

தோல் பட்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தோல் பட்டி மிக எடுப்பாகத் தோன்றும். இங்கே நாள்முழுதும் அணிந்தால், வியர்வை உறிஞ்சி உட்புறம் கறுத்து, மணக்கத் தொடங்கி, வருடத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டிவரும். உருக்குச் சங்கிலிப் பட்டியைக் கழுவித் துடைத்தால் போதும். முதலில் உருக்குப் பட்டியுடன் வாங்கிவிட்டு, தோல் பட்டியைப் பிறகு தனியாக வாங்குவது எளிது. தோல் பட்டியுடன் வாங்கியபின் அதற்குரிய அசல் உருக்குப் பட்டியைத் தனியாகத் தேடிப் பெறுவது செலவான வேலை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் லெ லொக்கிளின் நிலை தெளிவாகும். நிறுவனத்தின் சொந்த ஊரின் பெயரைத் தாங்கியது, 39.3 மில்லிமீற்றர் அகலம்; முகப்பின் நடுவில் நுண்ணிய அலங்கார வேலைப்பாடு, சுற்றிலும் உரோம எண்கள், இலை வடிவ முட்கள். பட்டு வேட்டிக்கும் சரி, கோட்டுக்கும் சரி, மூன்றிலும் இதுவே மிகப் பொருத்தமானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதன் நீர்த்தடுப்பு 30 மீற்றர் மட்டுமே. லெ லொக்கிள் பட்டு வேட்டியைப் போன்றது. உரிய நாளில் அதற்கு நிகரில்லை, அதை உடுத்திக்கொண்டு தினமும் காலி வீதி நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. தம்பியிடம் நாளாந்தப் பாவனைக்கு ஏற்கெனவே ஒரு கசியோவோ செய்கோவோ இருந்து, இது கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் என்றால், என் பதில் தலைகீழாக மாறும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

ஜென்டில்மேன் இந்தக் குறையை நிரப்பவே உருவானதுபோல இருக்கிறது. 40 மில்லிமீற்றர், 100 மீற்றர் நீர்த்தடுப்பு, நேர்க்கோடான மணிக்குறிகள், மூன்று முட்கள், ஒரு திகதிச் சாளரம், அவ்வளவுதான். முதற்பார்வையில் சற்றுச் சாதுவாகத் தோன்றும்; அதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு. பத்து வருடம் அணியப்போகும் ஒரு பொருள் இரண்டாம் வருடத்திலேயே அலுத்துவிடாமல் இருக்க இந்தச் சாதுவான குணம் தேவை என்பது என் எண்ணம். முன்புறக் கண்ணாடி நீலக்கல் கண்ணாடி. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் இதுவும் வேதியியற்படி ஒரே பொருள்தான். இது உலையில் வளர்க்கப்பட்டு நிறமின்றி இருக்கும். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் இருப்பதால் சாவிக்கொத்தோ மேசை விளிம்போ பட்டுக் கீறல் விழாது. ஓங்கி அடித்தால் உடையும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் மேலே சொன்ன மூன்று டிசோட்களிலும் இந்தக் கண்ணாடியே இருக்கிறது. எனவே இது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் காரணமாகாது.

பிரிக்கும் காரணம் உள்ளே இருக்கிறது. பவர்மேட்டிக் 80 என்ற இயந்திரம், பல பத்தாண்டுகளாகச் சுவிஸ் மணிக்கூடுகளின் உழைப்பாளியாக இருந்த ஈடிஏ 2824 என்ற இயந்திரத்திலிருந்து பிறந்தது. மூத்தது மணிக்கு 28,800 தடவை துடிக்கும். முழுமையாக முறுக்கினால் ஏறத்தாழ 38 மணித்தியாலம் ஓடும். பொறியியலாளர்கள் துடிப்பை மணிக்கு 21,600 ஆகக் குறைத்து, முதன்மைச் சுருள்வில் இருக்கும் உருளையின் நடு அச்சை மெலிதாக்கி, அந்த இடத்தில் நீளமான வில்லை அடக்கினார்கள். விளைவாகக் கிடைத்தது 80 மணித்தியாலம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தால் செவ்வாய் அதிகாலை 2 மணிவரை ஓடும். அதாவது வார இறுதி முழுவதும் மேசையில் கிடந்தாலும் திங்கள் காலை சரியான நேரத்துடன் எடுத்துக் கட்டலாம். திங்களன்று போயா விடுமுறை வந்துவிட்டால் மட்டும் செவ்வாய் காலை நின்றுபோய்க் கிடக்கும். அதைத் தடுக்க ஞாயிறன்று சாவிக் குமிழை இருபது முப்பது தடவை சுற்றிவிட்டால் போதும்.

இந்த இயந்திரத்தின் மீது மணிக்கூடு திருத்துபவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் உண்மையும் உண்டு. பழைய இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு நெம்பு இருக்கும்; அனுபவமுள்ளவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். பவர்மேட்டிக்கில் அந்த நெம்பு இல்லை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரத்தைத் தொழிற்சாலையிலேயே அளந்து சரிப்படுத்தி அனுப்புகிறார்கள். அத்துடன் இதன் சாதாரண வகையில், சக்கரங்களின் ஓட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் சிறு பாகங்கள் பிளாஸ்டிக் வகைப் பொருளால் ஆனவை. உராய்வு குறைவு, எண்ணெய் தேவை குறைவு என்று நிறுவனம் சொல்லும்; நடைமுறையிலும் அவை பிரச்சினையின்றி ஓடுகின்றன. இருந்தாலும் பரம்பரையாக இத்தொழில் செய்பவரிடம் காட்டினால் முகம் சுளிப்பார். ஜென்டில்மேனில் இருப்பது இதன் உயர்ந்த வகை. சமநிலைச் சக்கரத்தை ஆட்டிவைக்கும் மயிர்ச்சுருள் சிலிக்கனால் ஆனது. பெயரில் ‘சிலிசியம்’ என்று வருவது அதனால்தான். சிலிக்கன் காந்தத்துக்கு மசியாது, வெப்பநிலை மாறினாலும் பெரிதாக அசையாது, கறளும் பிடிக்காது. இவை மூன்றும் இந்த ஊருக்கு வேண்டியவை.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கைத்தொலைபேசியின் பின்புறத்திலும், டெப்லெட் உறையிலும், ஒலிபெருக்கியிலும், பெண்களின் கைப்பைப் பூட்டிலும் காந்தம் இருக்கிறது. பழைய வகை மயிர்ச்சுருள் காந்தமேறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கூடு நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். பழுதாகிவிட்டது என்று பயந்து முழுச் சேர்விஸுக்குக் காசு கொடுத்தவர்கள் உண்டு. காந்த நீக்கியில் சில வினாடிகள் காட்டினால் தீரும் விடயம் அது. பிஆர்எக்ஸ் தானியங்கியிலும் நிவாக்ரோன் என்ற டைட்டேனியம் கலப்புலோகச் சுருள் இருப்பதால் அங்கும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

திருமணப் பரிசு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மணிக்கூடு தங்க நிறத்தில் இருந்தால்தான் பெரியவர்களுக்குத் திருப்தி. தங்கமுலாம் பூசிய கூடும் பட்டியும் கொழும்பு வியர்வைக்கு விளிம்புகளில் வெளுக்கத் தொடங்கும். வெளுத்தபின் அதை வைத்திருக்கவும் மனம் வராது, கழற்றவும் மனம் வராது. முழு உருக்கையே எடுங்கள். தங்கம் இருந்தே ஆக வேண்டும் என்று அம்மா சொன்னால், ஜென்டில்மேனிலேயே முகப்பைச் சுற்றிய வளையம் மட்டும் 18 கரட் தங்கத்தால் செய்யப்பட்ட ஒரு வகை உண்டு. 22 கரட்டுக்குப் பழகிய கண்களுக்கு அதன் நிறம் சற்று மங்கலாகப் படலாம். ஆனால் அது பூச்சு இல்லை, அசல் தங்கம். விலை கணிசமாக ஏறும்.

பிஆர்எக்ஸுக்கு வருவோம். கடந்த சில வருடங்களில் டிசோட் என்றாலே இளைஞர்கள் கேட்பது இதைத்தான். 1978இல் வந்த ஒரு மணிக்கூட்டின் மறுபிறப்பு இது. பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகள் துல்லியம், உறுதி ஆகியவற்றைக் குறிக்கின்றன. மூன்றாவது எழுத்து உரோம எண் பத்து, அதாவது பத்து வளிமண்டல அழுத்தம், நம் கணக்கில் 100 மீற்றர். 2021இல் மீண்டும் வந்தபோது குவார்ட்ஸ் வகைக்கு 375 அமெரிக்க டொலரும் தானியங்கி வகைக்கு 650 டொலரும் விலை வைத்தார்கள். பிறகு இரண்டும் ஏறியிருக்கின்றன. கூடும் பட்டியும் ஒரே வார்ப்பாகத் தொடர்வதுபோன்ற தோற்றம்தான் இதன் கவர்ச்சி. பத்து மடங்கு, இருபது மடங்கு விலையுள்ள மணிக்கூடுகளில் மட்டும் பார்த்துவந்த வடிவம் இந்த விலையில் கிடைத்ததும் விற்பனை பறந்தது.

அந்தக் கவர்ச்சியே இதன் குறையும் ஆகிறது. பட்டி கூட்டோடு இணைந்த வடிவம் என்பதால் சாதாரணப் பட்டி எதையும் இதில் மாட்ட முடியாது. அதற்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். மேலும், 40 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் கையில் அதைவிடப் பெரிதாகத் தெரியும்; பட்டியின் முதல் கண்ணிகள் நேராக நீண்டு நின்று பிறகுதான் வளைகின்றன. மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் இரு பக்கமும் பலகைபோல் நிற்கும். தம்பியின் கை மெலிந்தது என்கிறீர்கள். அவர் தூங்கும்போது ஒரு நூலைச் சுற்றி அளந்துவிடுங்கள். 16 இற்குக் கீழே என்றால் 35 மில்லிமீற்றர் வகைதான் சரி. ஆணுக்கு 35 சிறிது என்ற எண்ணம் வேண்டாம். நம் தாத்தாமார் அணிந்தவை பெரும்பாலும் அந்த அளவும் அதற்குக் குறைவும்தான். இந்த வடிவத்தில் அது மெலிந்த கைக்கு மிக ஒழுங்காக அமரும். அதே 35ஐ நீங்கள் இருவரும் கடன் வாங்கி அணியலாம் என்பது கூடுதல் இலாபம்.

குவார்ட்ஸ் ‘உண்மையான மணிக்கூடு’ இல்லை என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்பவர் தன் இரசனையைச் சட்டமாக்குகிறார். குவார்ட்ஸ் பளிங்கு வினாடிக்கு 32,768 தடவை அதிரும். அதனால் மாதம் முழுவதற்கும் சில வினாடிகளே பிழைக்கும். தானியங்கி நாளொன்றுக்கே சில வினாடிகள் பிழைக்கும், அது இயல்பு. குவார்ட்ஸ் மெல்லியது, அதிர்ச்சி தாங்கும், சேர்விஸ் செலவு மிகக் குறைவு. காலி வீதியின் குழிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு இது சின்ன விடயம் இல்லை. மறுபுறம், ஒரு பரிசுப் பொருளாகப் பார்க்கும்போது, பின்புறக் கண்ணாடி வழியாகச் சுழலும் எடைத்தட்டைப் பார்ப்பதிலும், கையின் அசைவிலேயே உயிர்வாழும் ஒரு பொறியை அணிவதிலும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அந்த மகிழ்ச்சி தம்பிக்குப் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். பழைய வானொலியைத் திறந்து பார்க்கும் வகையான பிள்ளை என்றால் தானியங்கி. நேரம் தெரிந்தால் போதும் என்ற வகை என்றால் குவார்ட்ஸ். ஜென்டில்மேனிலும் குவார்ட்ஸ் வகை உண்டு. அதன் பின்மூடி முழு உருக்கு என்பதால், பெயரும் திருமணத் திகதியும் பொறிக்க இடமிருக்கும்.

மற்ற மாதிரிகளை விரைவாகக் கடந்துவிடலாம். சீஸ்டார் 1000 என்பது 1000 அடி, அதாவது 300 மீற்றர் தாங்கும் முக்குளிப்பு மணிக்கூடு. சாவிக் குமிழ் திருகி மூடும் வகை. திருகோணமலையிலோ ஹிக்கடுவையிலோ கடலுக்குள் இறங்குபவருக்கு இதைவிட நல்ல டிசோட் இல்லை, ஆனால் அதன் பெரிய அளவுகள் சட்டைக் கைக்குள் அடங்காது. பிஆர்சி 200 நிறுத்தற்கடிகாரம் உறுதியானது, 200 மீற்றர் தாங்கும்; வடிவம் சற்றுப் பழையது. பிஆர்எக்ஸ் தானியங்கி நிறுத்தற்கடிகாரம் 42 மில்லிமீற்றர், கனமானது, விலையும் இரண்டு மடங்குக்கு மேல். மெலிந்த கைக்கு வேண்டவே வேண்டாம். விசோடேட் பழங்கால அழகுடையது, அதற்கும் லெ லொக்கிளின் தண்ணீர்க் குறை உண்டு. விலை இன்னும் இரண்டு மூன்று மடங்கு போகலாம் என்றால் லொன்ஜின் மாஸ்டர், கொன்குவெஸ்ட் ஆகியவற்றைப் பார்க்கலாம். அது வேறு உரையாடல்.

எங்கே வாங்குவது? கொழும்பில் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் வாங்கினால் விலை கூடும்; 2022இல் ரூபாய் சரிந்த சரிவும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமான பெறுமதி சேர் வரியும் அதில் அடங்கும். டுபாயில் அந்த வரி 5 சதவீதம் என்பதால் அங்கே குறைவாகவே இருக்கும். உத்தரவாதம் பன்னாட்டு உத்தரவாதம். எனவே மாமா வாங்கிவந்தாலும் இங்கே செல்லுபடியாகும். ஒரு நிபந்தனை: அங்கும் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கி, உத்தரவாத அட்டையில் மாதிரி எண், தொடர் எண், வாங்கிய திகதி, கடையின் முத்திரை எல்லாம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். வெற்று அட்டை ஒரு தாளுக்குச் சமம். பற்றரியின் ஆயுள், தோல் பட்டியின் தேய்மானம், கண்ணாடிக் கீறல் ஆகியவை உத்தரவாதத்துக்குள் வராது. விலை வித்தியாசம் பெரிதில்லை என்றால், ஏதாவது குறை தெரிந்ததும் பேருந்தில் போய்ப் பேசக்கூடிய கடையில் வாங்குவதையே நான் விரும்புவேன்.

மாமாவிடம் சொல்லும்போது ‘நீல முகப்பு ஜென்டில்மேன்’ என்று சொல்லாதீர்கள். மாதிரி எண்ணை எழுதிக் கொடுங்கள். டிசோட்டின் எண்களைப் படிக்கப் பழகுவது எளிது. டி127.407.11.041.00 என்பதை எடுத்துக்கொண்டால், 127 என்பது ஜென்டில்மேன் குடும்பம் (பிஆர்எக்ஸ் என்றால் 137). 407 என்பது பெரிய அளவு தானியங்கி (410 என்றால் குவார்ட்ஸ், 210 என்றால் சிறிய அளவு குவார்ட்ஸ்). 11 என்பது உருக்குப் பட்டி (16 தோல், 17 இறப்பர்). 041 என்பது நீல முகப்பு, 051 கறுப்பு, 031 வெள்ளி நிறம். பின்மூடியில் வழக்கமாக இந்த எண்ணின் முற்பகுதி மட்டுமே இருக்கும்; அது அட்டையிலுள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய நடைபாதைகளில் டிசோட் என்று விற்கப்படுபவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விலையே சொல்லிவிடும். இணையத்தில் பாதி விலைக்கு ‘அசல்’ என்று வருபவைதான் ஆபத்தானவை, ஏனெனில் அவற்றின் பெட்டியும் அட்டையும் நன்றாகவே இருக்கும்.

வாங்கியபின் கடையிலேயே பட்டியை அளவாக்கிக்கொள்ளுங்கள். கழற்றிய கண்ணிகளைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள், திருமணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைமாரின் கை பருமனாவது வழக்கம். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் திகதியைத் திருப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அந்நேரத்தில் திகதிச் சக்கரத்தின் பற்கள் ஏற்கெனவே கோர்த்திருக்கும், வற்புறுத்தினால் உடையும். கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குவார்ட்ஸ் என்றால், வினாடி முள் நான்கு வினாடிக்கு ஒருமுறை தாவித் தாவி ஓடத் தொடங்குவதே பற்றரி முடியப்போகிறது என்ற அறிவிப்பு. தீர்ந்த பற்றரியை உள்ளேயே விட்டால் கசிந்து இயந்திரத்தை அரிக்கும். பற்றரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் இறப்பர் வளையத்தையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரும் இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். மூலைக் கடையில் கத்தி முனையால் மூடியைத் திறந்து மூடினால் அன்றோடு அந்த 100 மீற்றர் போய்விட்டது என்று கொள்ள வேண்டியதுதான். தானியங்கிக்கு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை சேர்விஸ் தேவை. அப்போது இயந்திரத்தைப் பிரித்துத் துப்புரவு செய்கிறார்களா, முழுமையாகவே புதியதாக மாற்றுகிறார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு, செலவை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பவர்மேட்டிக்கைப் பொறுத்தவரை இரண்டும் நடப்பதுண்டு.